கட்டைவிரலில் தொடங்கிய படிப்பு: தாழ் வெப்பநிலை இயற்பியலில் இருபத்தைந்து ஆண்டுகள்

திரவ ஹீலியக் கலனில் எத்தனை லிட்டர் மிச்சமிருக்கிறது என்பதை நான் முதன்முதலில் அறிந்துகொண்டது கட்டைவிரலால்தான். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள மெல்லிய எஃகுக் குழாய் ஒன்றின் மேல்முனையில் சிறு கிண்ணம் போன்ற பகுதியும், அதன் வாயில் இழுத்துக் கட்டிய மெல்லிய ரப்பர்த் தாளும் இருக்கும். எங்கள் ஆய்வகத்தில் அதற்கு டிப்ஸ்டிக் என்று பெயர். அந்தக் குழாயைக் கலனின் கழுத்து வழியாக மெல்ல மெல்ல இறக்க வேண்டும். ஒரு முனை 4 கெல்வினிலும் மறுமுனை அறை வெப்பநிலையான 300 கெல்வினிலும் இருப்பதால், குழாய்க்குள் இருக்கும் வாயு தானாகவே அதிரத் தொடங்கும். லைடனில் பணியாற்றிய தகோனிஸ் என்பவரின் பெயரால் இதைத் தகோனிஸ் அலைவு என்கிறோம். கீழ்முனை திரவத்துக்குள் இருக்கும்வரை ரப்பர்த் தாள் நாடியைப் போல நிதானமாகவும் கனமாகவும் துடிக்கும். குழாயை மேலே தூக்கித் திரவ மட்டத்தைத் தாண்டியதும் துடிப்பு சட்டென்று வேகமெடுத்து மெலிந்துவிடும். அந்த இடத்தில் குழாயில் குறி வைத்து அளந்தால் மட்டம் தெரிந்துவிடும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் அந்த ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்து, முப்பது ஆண்டுகளாக ஹீலியத்தோடு வாழ்ந்தவர். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணா என்றுதான் அழைப்போம். பக்கத்து அறை கம்ப்ரெஸரின் இரைச்சலில் நான் ரப்பர்த் தாளின் பக்கம் காதைக் கொண்டுபோனபோது அவர் தடுத்தார். "காதால கேக்காதம்மா, கையால கேளு. ஒரு தடவை மாறினா நம்பாத. மூணு தடவை ஏத்தி எறக்கிப் பாத்துட்டு அப்புறம் எழுது" என்றார். அந்த மூன்று தடவை என்ற கணக்கை நான் இன்றுவரை விடவில்லை.

தென்மாவட்டத்து அரசுக் கல்லூரியில் முதுகலை இயற்பியல் முடித்துவிட்டு, 1990களின் இறுதியில், மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் மின்தடையை முற்றிலும் இழந்துவிடும் மீக்கடத்திகளைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் இந்தத் துறைக்கு வந்தேன். வரும்போது எனக்குத் தெரிந்திருந்தது சமன்பாடுகள் மட்டுமே. தாழ் வெப்பநிலை ஆய்வென்பது பெரும்பகுதி குளிரோடு செய்யும் வேலையன்று, உள்ளே நுழையும் வெப்பத்தைத் தேடிப் பிடிக்கும் வேலை என்பதும், அந்தத் தேடலை ஆய்வுக்கருவி அறை வெப்பநிலையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்பதும் எனக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின. கருவியை மூடி, வெற்றிடமாக்கி, திரவ நைட்ரஜனில் முன்குளிர்த்து, ஹீலியம் நிரப்பி, வெப்பநிலை நிலைப்படும்வரை காத்திருந்து, அளந்து, மறுபடி அறை வெப்பநிலைக்குக் கொண்டுவர எங்களுக்கு மூன்று நாட்களாகும். ஒரு கம்பி உள்ளே அறுந்திருப்பது மூன்றாம் நாள் தெரிந்தால், அந்த மூன்று நாளும் வீண்தான். அதனால்தான், மூடுவதற்கு முன் ஒவ்வொரு கம்பியின் மின்தடையையும் அளந்து எழுதிவிட்டு, கருவியை லேசாகத் தட்டிவிட்டு மீண்டும் ஒருமுறை அளக்கச் சொல்கிறேன். தட்டும்போது ஆடுகிற இணைப்பு குளிர்ந்து சுருங்கும்போது நிச்சயம் விட்டுப்போகும்.

சில எண்களை இந்தத் துறைக்கு வருகிறவர்கள் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஹீலியம் 4.2 கெல்வினில், அதாவது கழித்தல் 269 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அதன் ஆவியாதல் வெப்பம் மிகச் சிறியது. வெறும் ஒரு வாட் வெப்பம் உள்ளே கசிந்தால் மணிக்குச் சுமார் 1.4 லிட்டர் திரவம் ஆவியாகிப் போய்விடும். ஆனால் அந்த ஆவி 4 கெல்வினிலிருந்து அறை வெப்பநிலைக்கு வரும்வழியில் உறிஞ்சக்கூடிய வெப்பமோ, திரவம் ஆவியாகும்போது உறிஞ்சியதைப் போல எழுபது மடங்குக்கும் மேல். இந்த ஓர் ஒப்பீட்டைப் புரிந்துகொண்டவர் ஹீலியத்தை ஒருபோதும் அவசரமாக ஊற்றமாட்டார். ஹீலியத்தைக் கொண்டுவரும் டிரான்ஸ்ஃபர் குழாயின் நுனியை, நிரப்ப வேண்டிய கலனின் அடிவரை இறக்கி, தொடக்கத்தில் மிக மெதுவாக அனுப்பினால், குளிர்ந்த ஆவியே மேலே ஏறி வரும் வழியெல்லாம் உலோகத்தைக் குளிர்த்துவிடும். வேகமாக அனுப்பினால் அந்தக் குளிர்ச்சி முழுவதும், ஆவியைத் திரும்பப் பிடிக்கும் மீட்புக் குழாய் வழியாக வெளியேறி, குழாய்மீது வெள்ளை உறைபனியாகப் படிந்து நிற்கும். சென்னைக் கடற்காற்றின் ஈரப்பதத்தில் அந்த உறைபனி பஞ்சு போல ஓர் அங்குலத்துக்கு வளர்வதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும்; அது வீணாகும் பணம் என்று அண்ணா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் ஆண்டில் நான் தனியாகச் செய்த முதல் நிரப்புதலிலேயே தவறு நேர்ந்தது. முன்குளிர்த்தலுக்கு ஊற்றிய நைட்ரஜன் முழுவதையும் வெளியேற்றாமல் ஹீலியத்தைத் திறந்துவிட்டேன். அடியில் தங்கியிருந்த நைட்ரஜன் 63 கெல்வினில் உறைந்து கல்லாகி, வருகிற ஹீலியத்தையெல்லாம் குடித்துக்கொண்டிருந்தது. முப்பது லிட்டர் போன பிறகும் மட்டம் எழவில்லை. கலனின் அடிவரை இறங்கும் குழாயால் நைட்ரஜனை வெளியே தள்ளி, அதன்பின் ஹீலிய வாயுவைச் செலுத்தி, அடிப்பகுதியில் வைத்த வெப்பமானி, நைட்ரஜனின் கொதிநிலையான 77 கெல்வினிலிருந்து தயக்கமில்லாமல் மேலேறுகிறதா என்று பார்க்க வேண்டும். 77இலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் உள்ளே இன்னும் நைட்ரஜன் இருக்கிறது என்று பொருள்.

பின்னாளில் ஐரோப்பாவில் முதுமுனைவர் ஆய்வாளராக இருந்தபோது லைடன் நகரின் பூர்ஹாவே அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஹைக்கே காமர்லிங் ஓனஸ் முதன்முதலில் ஹீலியத்தைத் திரவமாக்கிய கருவி அங்கே இருக்கிறது. 1908 ஜூலை 10 அன்று அதிகாலை 5:45 மணிக்குத் தொடங்கிய வேலை, மாலை 7:30 மணியளவில்தான் கைகூடியது. அதற்காக முதல் நாளே 75 லிட்டர் திரவக் காற்றைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதைக்கொண்டு 20 லிட்டர் திரவ ஹைட்ரஜன் தயாரித்தார்கள். இவ்வளவுக்கும் கடைசியில் கிடைத்த திரவ ஹீலியம் சுமார் 60 மில்லிலிட்டர். அதுவும் உடனே கண்ணில் படவில்லை. வெப்பமானியின் காட்டுமதிப்பு இறங்காமல் நின்றுவிட்டதைப் பார்த்து, வந்திருந்த சக பேராசிரியர் ஒருவர், வெப்பமானி ஏற்கெனவே திரவத்தில் மூழ்கியிருக்கக்கூடும் என்று சொல்ல, அடியிலிருந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தபோதுதான் திரவத்தின் விளிம்பு தெரிந்தது.

அந்தக் கண்ணாடிக் குழாய்களின் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். ஓனஸின் பெயரை உலகம் அறியும். ஆனால் அந்த நாளில் கருவியை இயக்கிய கெரிட் ஃபிளிம், கண்ணாடி வேலையைச் செய்த கெஸ்ஸல்ரிங் ஆகிய கைவினைஞர்கள் இல்லாமல் அந்தத் திரவம் பிறந்திருக்காது. ஓனஸ் இதை நன்றாக அறிந்திருந்தார். தன் ஆய்வகத்தோடு சேர்த்துக் கருவி செய்வோருக்கும் கண்ணாடி ஊதுவோருக்கும் பயிற்சிப் பள்ளியையே நடத்தினார். அவருக்குத் தேவைப்பட்ட ஹீலியம் அமெரிக்காவின் வட கரோலைனாவிலிருந்து வந்த மோனசைட் மணலைச் சூடாக்கிப் பிரித்தெடுத்தது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் அதே மோனசைட் இருக்கிறது என்பது அப்போது என் நினைவுக்கு வந்தது.

என் ஆய்வு வாழ்க்கையில் என்னை அதிகம் மாற்றிய நிகழ்ச்சி, நான் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்த ஒன்றுதான். ஆய்வின் மூன்றாம் ஆண்டில், மீக்கடத்தியாக இருக்க வாய்ப்பே இல்லை என்று கருதப்பட்ட ஓர் உலோகக் கலவையின் மின்தடையை அளந்துகொண்டிருந்தேன். ஓர் இரவு, 7 கெல்வினை ஒட்டி, மின்தடை சரசரவென்று இறங்கியது. சுழிக்குப் போகவில்லை, பாதியளவில் நின்றது. மாதிரியின் ஒரு பகுதி மட்டும் மீக்கடத்தியாகிவிட்டது என்று முடிவுகட்டி, அன்றிரவு உறங்காமல் வரைபடம் வரைந்து, காலையில் என் ஆய்வு நெறியாளரின் மேசையில் வைத்தேன். அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இணைப்புகளை எதால ஒட்டினே?"

ஈயமும் வெள்ளீயமும் கலந்த சாதாரணப் பற்றாசு (சோல்டர்) வைத்துத்தான் ஒட்டியிருந்தேன். ஈயம் 7.2 கெல்வினில் மீக்கடத்தியாகும். பற்றாசும் ஏறத்தாழ அதே இடத்தில். மாதிரியின் நீளமே இரண்டு மில்லிமீட்டர். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, பற்றாசு ஓர் இணைப்பிலிருந்து வழிந்து அடுத்த இணைப்பை நோக்கி மாதிரியின் மேல் மெல்லிய நாக்குப் போலப் படர்ந்திருந்தது. சிறு காந்தப்புலம் ஒன்றை வைத்து மறுபடி அளந்தேன். இறக்கம் கீழ்வெப்பநிலையை நோக்கி எளிதில் நகர்ந்து மறைந்தது. வெள்ளிப் பசையால் புதிய இணைப்புகள் வைத்ததும் அந்த இறக்கம் தடமில்லாமல் போய்விட்டது. இந்த வேலைக்கு எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. நெறியாளர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை; ஈயம் 7.2, இண்டியம் 3.4, அலுமினியம் 1.2 என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அளவுக்கருவியின் மேல் ஒட்டிவைக்கச் சொன்னார். இந்த எண்களின் அருகில் எது நடந்தாலும் மாதிரியைச் சந்தேகிக்கும் முன் இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும். அதோடு, மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கி அளந்து பார்க்கவும் கற்றுக்கொண்டேன். மின்தடை மாறினால், அளக்கச் செலுத்தும் மின்னோட்டமே மாதிரியைச் சூடாக்குகிறது என்று அறியலாம்.

மீக்கடத்தியைக் கண்டவர்களே அப்படித்தான் நடந்துகொண்டார்கள். 1911 ஏப்ரல் 8 அன்று லைடனில் பாதரசத்தின் மின்தடை ஏறத்தாழச் சுழி என்று ஓனஸின் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதப்பட்டது. ஆனால் அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. கருவியின் நுட்பத்தைக் கூட்டிக் கூட்டி அந்த ஆண்டு முழுவதும் மீண்டும் மீண்டும் அளந்தார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த டக்ளஸ் ஒஷரோஃப், 1971 நவம்பர் 24 அன்று, ஹீலியத்தின் அரிய, எடை குறைந்த வகையான ஹீலியம்-3 நிரம்பிய கலத்தின் அழுத்தம் காலத்தோடு உயர்வதைப் பதிந்துகொண்டிருந்தபோது, கோட்டில் ஒரு சிறு முறிவைக் கண்டார். ஏதோ கருவிக் கோளாறு என்று விட்டுவிடக்கூடிய அளவுதான். மறுபடி செய்து பார்த்தபோது முறிவு அதே அழுத்தத்தில் மீண்டும் வந்தது. முதலில் அதைத் திட ஹீலியம்-3இல் ஏற்படும் மாற்றம் என்றே அவரும் அவருடைய பேராசிரியர்களான டேவிட் லீ, ராபர்ட் ரிச்சர்ட்ஸன் ஆகியோரும் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில்தான் அது திரவம் உராய்வற்றுப் பாயும் மீப்பாய்மமாக மாறுவதன் அடையாளம் என்பது தெளிந்தது. மூவருக்கும் 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. நானும் ஒஷரோஃப்பும் பார்த்தது ஒரே மாதிரியான முறிவைத்தான். அதை மறுபடி வரவைக்க முடிகிறதா, வேறு காரணங்களையெல்லாம் நீக்கிய பின்னும் அது நிற்கிறதா என்பதில்தான் வேறுபாடு. அதனால் என் மாணவர்களிடம், சின்ன முறிவுகளைக் குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதிவைக்கச் சொல்கிறேன். கம்ப்ரெஸர் நின்று ஓடியது, பக்கத்து அறையில் வெல்டிங் நடந்தது, மின்சாரம் போய் வந்தது எல்லாம் அதில் இருக்க வேண்டும். கணினி தானாகப் பதிகிற கோப்பில் அவை இருக்காது.

கசிவைப் பற்றி எழுதத் தொடங்கினால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். திரவ ஹீலியம் 2.17 கெல்வினுக்குக் கீழே மீப்பாய்மமாகிறது. 1937இல் மாஸ்கோவில் கபிட்ஸாவும், கேம்பிரிட்ஜில் ஆலனும் மிஸ்னரும் தனித்தனியே கண்டறிந்த அந்த நிலையில், திரவம் உராய்வே இல்லாமல் பாய்வதால், எந்த வாயுவும் நுழைய முடியாத நுண்ணிய பிளவிலும் அது நுழைந்துவிடும். எங்கள் வெற்றிடக் கலம் ஒன்று அறை வெப்பநிலையில் லீக் டிடெக்டரில் எந்தக் கசிவையும் காட்டவில்லை, 4.2 கெல்வினிலும் நன்றாக இருந்தது. பம்ப் வைத்து 2.17ஐத் தாண்டி இறக்கியதும் வெற்றிடம் கெட்டு, மாதிரி குளிர மறுத்தது. ஆறு வாரம் போராடினோம். கடைசியில், பித்தளை விளிம்பில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு கீறல் இருப்பதை அண்ணாதான் டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துக் கண்டார். கலத்தைக் கசிவில்லாமல் மூட விளிம்பில் வைத்து அழுத்தும் உலோகமான இண்டியத்தின் பழைய மிச்சத்தைச் சுரண்டி எடுக்க நான் பிளேடைப் பயன்படுத்தியதால் வந்த கீறல் அது. இண்டியம் வெண்ணெய் போல மிருதுவானது. மரக்குச்சியோ பிளாஸ்டிக் துண்டோ போதும். ஒவ்வொரு முறையும் புதிய இண்டியக் கம்பியை வைத்து, திருகுகளை எதிரெதிராகச் சமமாக முறுக்கி, அரைமணி நேரம் விட்டு, இண்டியம் பரவி அமர்ந்த பின் மறுபடி முறுக்க வேண்டும். கசிவு தேடும்போது ஹீலியத்தை மேலிருந்து கீழாகத் தெளிக்க வேண்டும். அது லேசான வாயுவாகையால், கீழே தெளித்தால் மேலே ஏறி, வேறோர் இடத்துக் கசிவை இங்கிருப்பதாகக் காட்டி ஏமாற்றும்.

உயிரோடு தொடர்புடைய விஷயங்களில் நான் எந்தச் சமரசத்தையும் ஏற்பதில்லை. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரியும். ஹீலியம் அதைவிடச் சற்று அதிகம். இரண்டுக்கும் மணமில்லை, நிறமில்லை. மூச்சுத் திணறுகிற உணர்வைக்கூடத் தராமல் மயக்கிவிடும். ஆகவே நைட்ரஜன் கலனோடு ஒருபோதும் லிஃப்டில் ஏறக்கூடாது. கலனை மட்டும் உள்ளே வைத்து, இடையில் யாரும் ஏறாதபடி அறிவிப்புப் பலகையைச் சங்கிலியில் தொங்கவிட்டு, மேல்தளத்தில் ஒருவர் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். ஹீலியக் கலனின் வாய் திறந்து கிடந்தால் காற்று உள்ளே போய்க் கழுத்தில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஒரு திங்கட்கிழமை காலை, எப்போதும் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கலனின் வாயு மீட்டர் அசையாமல் நின்றதைப் பார்த்த அண்ணா, எங்களையெல்லாம் அறையைவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டு, மற்றொரு மூத்த பணியாளரோடு சேர்ந்து செப்புக் கம்பியால் அடைப்பை உருக்கித் திறந்தார். ஆவியாவது நின்றுவிட்டது என்றால் ஹீலியம் மிச்சமாகிறது என்று மகிழக்கூடாது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று அஞ்ச வேண்டும். அந்த வேலையை மாணவர்கள் தாமாகச் செய்யவே கூடாது.

இந்தியாவில் இந்தத் துறையை நடத்துவதற்குத் தனிப் பொறுமை தேவை. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக இருந்தபோது, 1950களின் தொடக்கத்தில் ஹீலியம் திரவமாக்கும் இயந்திரத்தை அங்கே கொண்டுவந்தார். அன்றும் இன்றும் ஹீலியத்துக்கு நாம் வெளிநாடுகளைத்தான் நம்பியிருக்கிறோம். 2017 ஜூனில் அண்டை நாடுகள் எல்லையை மூடியதால் கத்தாரின் ஹீலிய ஆலைகள் நின்றபோது, எங்கள் சிலிண்டர் விலை எகிறியதோடு, ஒரு மாணவியின் ஆய்வு பல மாதம் தள்ளிப்போனது. அதனால் ஆவியாகிற வாயுவை ரப்பர் பலூனில் பிடித்து, கம்ப்ரெஸரால் சிலிண்டர்களில் அடைத்து, தூய்மையாக்கி மறுபடி திரவமாக்கும் மீட்புக் குழாய் வலைதான் ஆய்வகத்தின் உயிர்நாடி. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்கும் வேலையை நான் பேராசிரியரான பிறகும் ஆண்டுக்கு இருமுறை என் கையாலேயே செய்கிறேன்.

இப்போது ஹீலியத்தை ஊற்றாமல் மின்சாரத்திலேயே ஓடும் பல்ஸ் டியூப் குளிர்விப்பான்கள் வந்துவிட்டன. ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையால் கெல்வினின் நூறில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோகும் டைலூஷன் ஃப்ரிட்ஜும் இவற்றின் மேலேயே பொருத்தப்படுகிறது. குவாண்டம் கணினிகளுக்காக இவை நிறைய விற்கின்றன. அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளுக்குத் தேவையும் கூடியிருக்கிறது. என்னிடம் படித்தவர்களில் ஒருவர் எம்.ஆர்.ஐ. காந்தங்களைப் பராமரிக்கிறார், ஒருவர் துகள் முடுக்கியின் மீக்கடத்திக் குழிகளோடு வேலை செய்கிறார், ஒருவர் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் 20 கெல்வின் திரவ ஹைட்ரஜனோடு இருக்கிறார். அவர்கள் மூவருமே, வேலை கிடைக்கக் காரணம் தம் ஆய்வுக் கட்டுரைகளைவிட, கசிவு தேடவும் கம்பி பதிக்கவும் தெரிந்திருந்ததுதான் என்று சொன்னார்கள். செப்புக் கம்பிக்குப் பதில், வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்தும் மாங்கனின் கலவைக் கம்பியை ஏன் இறக்க வேண்டும், அதை ஒவ்வொரு தட்டிலும் எத்தனை சுற்றுச் சுற்றி ஒட்ட வேண்டும் என்பது நேர்காணலில் கேட்கப்படுகிற கேள்விதான்.

இந்தத் துறையில் ஆய்வு செய்யச் சேர்வதற்கு முன் ஓர் ஆய்வகத்தைப் பார்க்கப் போகிறவர்கள், பேராசிரியரின் கட்டுரைப் பட்டியலைப் பார்ப்பதோடு, வாரத்துக்கு எத்தனை லிட்டர் ஹீலியம் கிடைக்கும், மின்சாரம் போனால் கம்ப்ரெஸருக்கு மாற்று ஏற்பாடு உண்டா, இரவில் தனியாக வேலை செய்ய நேர்ந்தால் துணைக்கு யார் இருப்பார் என்று கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்வி பெண்களுக்கு மட்டுமானதன்று. குளிர்திரவங்களோடு யாருமே தனியாக இருக்கக்கூடாது. அதன்பின், முடிந்தால் டெக்னீஷியனோடு ஒரு தேநீர் குடியுங்கள். எந்தக் கருவி நிஜமாக ஓடுகிறது, எது இரண்டு ஆண்டாக மூடிக் கிடக்கிறது என்பதை அவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அப்படியே, அங்கிருக்கும் பழைய குறிப்பேடு ஒன்றைப் புரட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். தோற்றுப்போன குளிர்த்தல்களும் அவற்றின் காரணங்களும் அதில் தேதியோடு எழுதப்பட்டிருந்தால், அங்கே சேரலாம்.